ஊர் திரும்பும் வழியில்: இப்னு பதூதாவின் பயண நூலும் விருந்தளித்தோரும்

இப்னு பதூதாவைப் பற்றி நம்மவரிடையே பேச்செழும் போதெல்லாம் முதலில் வியந்துரைக்கப்படுவது அவர் கடந்த தூரமேயாகும். ஏறத்தாழ 75,000 மைல் என்று கணக்கிட்டோர் உளர். 1325ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இருபத்தொரு வயது இளைஞராக, மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து ஹஜ்ஜுக்கென்று தனியே புறப்பட்டவர், மிஸ்ரு, ஷாம், இராக், பாரசீகம், ஏமன், ரூம், தில்லி, மாலத்தீவு, இலங்கை, மஃபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரை, வங்காளம், சுமத்திரா, சீனம் என்று சுற்றிவிட்டு, 1349ஆம் ஆண்டு நவம்பரில்தான் தம் நாட்டுத் தலைநகராகிய பாஸ் நகருக்குத் திரும்பினார். இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி. ஆனால் இருபத்து நான்கு ஆண்டுகளைப் பிற நாடுகளில் கழித்த ஒரு மனிதர் யார் வீட்டில் உண்டார், யார் கூரையின் கீழ் உறங்கினார், நோயுற்றபோது அவர் தலைமாட்டில் இருந்தவர் யார் என்னும் வினாக்களை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை. சபர் சென்று மீண்ட ஆண்மக்களை வரவேற்றுப் பழகிய நம் இல்லங்களில் பெண்மக்கள் முதலில் கேட்பவை இவ்வினாக்களே. அவ்வினாக்களோடு இந்நூலைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நூல் உருவான விதத்தை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். இப்னு பதூதா இதைத் தம் கையால் எழுதியவர் அல்லர். மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, கர்னாத்தாவைச் சேர்ந்த அறிஞர் இப்னு ஜுஸை எழுதி ஒழுங்குபடுத்தினார். சொல்லி முடித்த காலம் 1355ஆம் ஆண்டு டிசம்பர். திமிஷ்கு, ஹலப், பக்தாத் போன்ற நகரங்களின் வருணனையில், அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்னர்ப் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து பல பகுதிகள் அப்படியே எடுத்துச் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். வொல்காக் கரையின் புல்கார் நகருக்கு அவர் சென்றதாகக் கூறும் பகுதியும், சீனப் பகுதியில் சிலவும் ஐயத்திற்குரியவை என்ற கருத்தும் உண்டு. அவர் நாடு திரும்பிய காலத்திலேயே அவர் சொன்னவற்றை நம்ப மறுத்தோர் இருந்தனர் என்பதை இப்னு கல்தூனே குறிப்பிட்டிருக்கின்றார்.

இவற்றை மறுப்பது நம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் கவனித்தோம். இரவலாக வந்திருப்பவை கட்டடங்களும் சந்தைகளும் மதில்களுமே. இன்னார் எம்மைத் தம் வீட்டிற்கு அழைத்தார், இன்னது உண்ணத் தந்தார், இன்ன நோயில் எம்மைக் காத்தார் என்று வரும் இடங்களுக்கு முன்னோடி நூல் ஏதும் இல்லை. அவை அவருடைய சொந்தக் கணக்கு. பிறர் எழுத்தும் எழுத்தரின் அலங்காரமும் கலந்து கிடக்கும் இந்நூலில், இப்னு பதூதாவின் சொந்தக் குரலைத் தேடுவோர்க்கு விருந்தளித்தோரின் பெயர்களே வழிகாட்டி என்பது நம் துணிபு.

அக்குரலை முதன்முதலாக நாம் கேட்பது தூனிஸ் நகர வாயிலில். பயணம் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வழித்துணையாக வந்தோர் ஒவ்வொருவரையும் வரவேற்க அவரவர்க்கு அறிமுகமானோர் வந்து நிற்கின்றனர். ஒருவர்க்கொருவர் ஸலாம் கூறி மகிழ்கின்றனர். இவருக்கு ஸலாம் கூற ஒருவரும் இல்லை. அறியாத ஊரில் அடக்க மாட்டாமல் இவர் கண்ணீர் விடுகின்றார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, ஆறுதலாகப் பேசிக்கொண்டே நகருக்குள் அழைத்துச் செல்கின்றார். உலகம் சுற்றியவர் என்று போற்றப்படும் ஒருவர் தம் அழுகையை மறைக்காமல் சொல்லியிருப்பது அந்நூலுக்கு அழகு. பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்க அவர்களைப் பிரிந்தது எவ்வளவு வருத்தியது என்று அதற்குச் சற்று முன்னர்த்தான் கூறியிருக்கின்றார். இவ்விரண்டு இடங்களையும் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நூலின் முடிவில் இவற்றுக்கு மறுமொழி வருகின்றது.

தனி மனிதரின் அன்பினால் மட்டும் அக்காலத்தில் ஒருவர் இவ்வளவு தூரம் சென்றிருக்க இயலாது. வழிப்போக்கருக்கு ஸகாத்தில் ஒரு பங்கை இறைமறை வகுத்திருக்கின்றது. விருந்தினரை மூன்று நாள் பேணுவது கடமை என்றும், விருந்தளிப்பவர் வருந்துமளவுக்கு விருந்தினர் தங்கிவிடலாகாது என்றும் நபிமொழிகள் இரு தரப்பாருக்கும் எல்லை வகுத்திருக்கின்றன. இவற்றின் மீதுதான் ஸாவியாக்களும் கான்காஹ்களும் மத்ரஸாக்களும் அவற்றைத் தாங்கிய வக்ஃபுகளும் எழுந்தன. திமிஷ்கின் வக்ஃபுகளை விவரிக்கும்போது அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தெருவில் ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிட்டான். எசமானனுக்கு அஞ்சி நின்றவனிடம் ஒருவர், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகச் சொல்கின்றார். அவ்வாறே சென்றவனுக்கு வேறு தட்டு வாங்கப் பணம் கிடைக்கின்றது. நம் ஊர்த் தைக்காக்களிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் முஸாபிர்களுக்குச் சோறிட்டு வந்த வழக்கம் இதே மரபின் ஒரு கிளைதான்.

இம்மரபின் மிக அழகிய பக்கங்களை ரூம் நாட்டுப் பயணத்தில் காண்கின்றோம். இன்றைய துருக்கியின் அந்தாலியாவில் கந்தலுடை அணிந்த ஒருவர் வந்து இவரையும் தோழர்களையும் விருந்துக்கு அழைக்கின்றார். ஏழைக்குச் சுமையாக வேண்டாமே என்று இவர் தயங்குகின்றார். மொழிபெயர்ப்பவர் சிரித்துக்கொண்டு விளக்குகின்றார்: அவர் காலணி தைக்கும் தொழிலாளி, ஆனால் பல தொழில் செய்வோர் இருநூறு பேர் கொண்ட அகீ சகோதரக் குழுவுக்கு அவரே தலைவர். அக்குழுவினர் பகலெல்லாம் உழைத்து, அஸருக்குப் பின் அன்றைய வருவாயைத் தலைவரிடம் தருவர். அதில் உணவும் கனியும் வாங்கப்படும். அன்று ஊருக்கு வந்த வழிப்போக்கர் அவர்களுடைய விருந்தினர். ஒருவரும் வராவிடில் தாமே கூடி உண்டு, மறுநாள் காலையில் தொழிலுக்குச் செல்வர். லாதிக் நகரில் இது நகைப்புக்கிடமான உச்சத்தை அடைகின்றது. கடைத்தெருவிலிருந்து சிலர் ஓடிவந்து இவர்கள் குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றுகின்றனர். வேறு சிலர் வந்து அவர்களுடன் மல்லுக்கு நிற்கின்றனர், கத்தியும் உருவப்படுகின்றது. கொள்ளையரோ என்று இவர்கள் நடுங்கியிருக்க, விருந்தினரை யார் அழைத்துச் செல்வது என்பதில் இரண்டு அகீ குழுக்களுக்கிடையே எழுந்த சண்டை அது என்று அரபு அறிந்த ஒருவர் வந்து தெளிவுபடுத்துகின்றார். சீட்டுப் போட்டுப் பார்த்துச் சண்டை தீர்கின்றது. சுல்தான்களின் தர்பார்களைக் கூறும்போது இல்லாத உயிரோட்டம் இக்காலணித் தொழிலாளியைக் கூறும் பக்கத்தில் இருக்கின்றது.

இவ்வளவு பாராட்டிய பின் குறையையும் கூறியாக வேண்டும். இப்னு பதூதா தமக்கு விருந்தளித்தோரைப் பெற்ற பரிசைக் கொண்டு அளந்தவர் என்னும் குற்றச்சாட்டு புதியதன்று. அது பெரும்பாலும் உண்மையே. எத்தனை தீனார், எத்தனை அங்கி, எத்தனை குதிரை என்று அவர் எண்ணிச் சொல்கின்றார். 1352ஆம் ஆண்டு ஸஹாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்றபோது, மன்னர் மன்ஸா சுலைமானிடமிருந்து வரவேற்புக் கொடை வருகின்றது என்றார்கள். பட்டும் பொன்னும் வரும் என்று எழுந்து நின்றவர் முன் மூன்று ரொட்டிகளும் பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் சுரைக்குடுக்கையில் தயிரும் வந்தன. அவர் சிரித்துவிட்டார். அந்தாலியாவின் தொழிலாளி அன்றாடக் கூலியில் வாங்கித் தந்த பழத்தைப் போற்றிய அதே மனிதர், ஒரு மன்னர் தந்த ரொட்டியை ஏளனம் செய்வது முரணாகத் தோன்றும். தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் வாரி வழங்கும் கைகளுக்குப் பழகிப் போனவருக்கு, மன்னர் என்றால் பொன் தருபவர் என்ற எண்ணம் படிந்துவிட்டது என்று அமைதி கூறலாம். அக்காலத்தில் கொடை என்பது மதிப்பின் அடையாளம் என்றும் கூறலாம். ஆயினும் பசித்து வந்தவர்க்கு உணவு தருவதே விருந்தின் முதற்பொருள் என்பதை அறிந்த ஒருவர் அவ்விடத்தில் சிரித்தது நமக்கு உவப்பாக இல்லை.

எனினும் பரிசு அவர் நாவைக் கட்டிப்போட்டதா என்று கேட்டால், இல்லை என்றே கூறுவோம். அதற்குச் சான்று நம் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. 1344ஆம் ஆண்டளவில் இலங்கையில் அவருக்கு விருந்தளித்தவர் யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னர் இவரைத் தம்மருகே அமர்த்தி உரையாடினார், முத்துக்கள் அளித்தார், பாவா ஆதம் மலைக்குச் செல்லவேண்டும் என்ற இவருடைய ஆவலை அறிந்து பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினார். அங்கிருந்து கப்பலேறி, கரையருகே கப்பல் உடைந்து, உயிர் தப்பி மஃபரில் ஒதுங்கியபோது இவருக்கு விருந்தளித்தவர் மதுரை சுல்தான் கியாஸுத்தீன். அவர் முஸ்லிம், அதற்கு மேல் உறவினர். முன்னாள் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளிருள் ஒருவரை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். மற்றொருவர் கியாஸுத்தீனின் மனைவி.

அந்த உறவினரின் உணவு வேளையில் நிகழ்ந்ததை அவர் எழுதியிருக்கின்றார். சுல்தான் உண்டுகொண்டிருக்கின்றார். வலப்பக்கம் காழி, இடப்பக்கம் இவர். முஸ்லிமல்லாத கைதி ஒருவர் தம் மனைவியுடனும் ஏழு வயது மகனுடனும் கொண்டுவரப்படுகின்றார். அம்மனிதரின் தலையை வெட்டுமாறு சைகை காட்டிய சுல்தான், மனைவியையும் பிள்ளையையுங்கூட விடவில்லை. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழும்போது தலைகள் தரையில் கிடக்கக் கண்டார். மற்றொரு நாள் அத்தகைய தண்டனை தொடங்குமுன் தொழப் போவதாகக் கூறி எழுந்தார். காரணம் புரிந்த சுல்தான் சிரித்தார். சிறைப்பட்டோரைப் பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றிய கொடுமையையும் விவரித்துவிட்டு, வேறெந்த மன்னரிடமும் இத்தகைய இழிசெயலைத் தாம் கண்டதில்லை என்றும், இதன் பொருட்டே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளிக்கின்றார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டு முதுமொழி. உப்பிட்டவர் கொடியவராக இருந்தால் என்ன செய்வது? இந்நூல் எழுப்பும் வினாக்களில் இதுவே மிகக் கடினமானது. இப்னு பதூதா அவ்வுணவு வேளையில் எதிர்த்து ஒரு சொல்லும் கூறவில்லை. அது மட்டுமன்று, மாலத்தீவின் மீது படை அனுப்ப அதே சுல்தானோடு திட்டமும் வகுத்தார். கண்டித்தது சுல்தான் இறந்த பின்னர், பல்லாயிரம் கல் தொலைவில், பாஸ் நகரின் பாதுகாப்பில். இதை மறைத்து அவரை வீரராகக் காட்டுவது திறனாய்வாகாது. ஆனால் மார்க்கத்தையும் உறவையும் உண்ட சோற்றையும் காரணம் காட்டி அதை எழுதாமலே விட்டிருக்கலாம் அல்லவா? முகத்தைத் திருப்பியதையும் தொழுகையைச் சாக்காகச் சொன்னதையும் தம் பலவீனம் தெரியுமாறு அப்படியே விட்டிருக்கின்றார். பெயரறியாத அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு வரலாற்றில் இருக்கும் ஒரே நினைவு அப்பக்கந்தான். விருந்தினர் நன்றி மறத்தலாகாது; பொய் சாட்சியும் சொல்லலாகாது. இரண்டும் மோதியபோது அவர் காலந்தாழ்த்தியேனும் சாட்சியத்தின் பக்கம் நின்றார்.

இனி, ஊர் திரும்பும் பகுதிக்கு வருவோம். பெரும்பாலான வாசகர்கள் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. நாமும் முதல் வாசிப்பில் அவ்வாறே கடந்தோம். முன்னரே விவரித்த ஊர்கள் ஆதலால் பெயர்கள் மட்டும் வரிசையாக வருகின்றன. 1347ஆம் ஆண்டு கோழிக்கோட்டிலிருந்து கடல் கடந்து அரபுக் கரையின் ஸபார்; பின்னர் ஹுர்முஸ், ஷீராஸ், இஸ்பஹான், பஸ்ரா, கூபா; 1348 ஜனவரியில் பக்தாத்; அங்கிருந்து புராத் நதியோரமாக, தத்முர் வழியே திமிஷ்கு. புறப்பட்டுப் போகும்போது பக்கம் பக்கமாக விரிந்த வழி, திரும்பும்போது சில வரிகளில் சுருங்கிவிடுகின்றது. ஊரைப் பார்க்கும் ஆவல் தீர்ந்துவிட்டது. இப்போது அவர் தேடுவது மனிதர்களை.

திமிஷ்கில் அவர் யாரைக் கண்டார் என்பதை அறிய, இருபத்திரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1326ஆம் ஆண்டு ரமலானில் அவர் முதன்முறை திமிஷ்குக்கு வந்தபோது, மாலிக்கி மத்ஹபின் ஆசிரியர் நூருத்தீன் ஸகாவீ என்பவர், நோன்பு திறக்க ஒவ்வோர் இரவும் தம் இல்லத்துக்கே வரவேண்டும் என்று வற்புறுத்தினார். நான்கு இரவுகள் சென்றவர் காய்ச்சல் கண்டு ஐந்தாம் இரவு போகவில்லை. அவர் ஆளனுப்பித் தேடினார். நோய் என்ற காரணத்தையும் ஏற்காமல் வீட்டிற்கு அழைத்துக்கொண்டார். காலையில் விடைபெற முனைந்தபோது, இதை உம் வீடாக, உம் தந்தையின் வீடாக, உம் சகோதரரின் வீடாகக் கருதும் என்று கூறித் தடுத்துவிட்டார். மருத்துவரை அழைத்துப் பார்த்தார். பெருநாள் வரை வைத்துப் பேணினார். கைப்பணம் தீர்ந்துபோனதை அறிந்து ஒட்டகம் அமர்த்தி, வழிக்கு உணவும் செலவுக்குப் பணமும் தந்து ஹிஜாஸுக்கு அனுப்பிவைத்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து இப்னு பதூதா மீண்டும் திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைகின்றார். அங்கே அதே நூருத்தீனைக் காண்கின்றார், ஸலாம் கூறுகின்றார். அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. தாம் இன்னார் என்று எடுத்துச் சொல்லிவிட்டு இவர் கேட்பது தம் மகனைப் பற்றி. திமிஷ்கில் கருவுற்றிருந்த நிலையில் விட்டுச் சென்ற மனைவி ஆண்மகவு ஈன்றாள் என்ற செய்தி இந்தியாவில் இருந்தபோதே கிட்டியிருந்தது. பிள்ளையின் பாட்டனாருக்கு நாற்பது பொன் தீனார் அனுப்பியும் இருந்தார். அப்பிள்ளை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்று நூருத்தீன் கூறுகின்றார். தன்ஜா ஊர்க்காரர் ஒருவர் ழாஹிரிய்யா மத்ரஸாவில் தங்கியிருக்கின்றார் என்றும் தெரிவிக்கின்றார். இவர் அங்கே சென்று கேட்கின்றார். தந்தை வபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. தாயார் உயிரோடு இருக்கின்றார்.

இதில் வருணனை இல்லை, புலம்பல் இல்லை. முதற்பகுதியையும் இப்பகுதியையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் நிகழ்ந்தது விளங்கும். தந்தையின் வீடாகக் கருதும் என்று சொல்லப்பட்ட அதே ஊரில்தான் தந்தை இல்லை என்ற செய்தி வருகின்றது. பிற நாடுகளில் எத்தனையோ இல்லங்களில் மகனைப் போல் பேணப்பட்டவர், தம் சொந்த மகனின் முகத்தைப் பார்த்ததே இல்லை. இதை இப்னு பதூதாவும் சொல்லவில்லை. இப்னு ஜுஸையும் சொல்லவில்லை. நூலில் இருப்பதைக் கொண்டே நாம் சொல்கின்றோம்.

அவ்வாண்டில்தான் தாஊன் என்னும் பெருங்கொள்ளைநோய் அந்நாடுகளைத் தாக்கியது. ஹலபில் இருந்தபோது, கஸ்ஸாவில் நோய் பரவிய செய்தி ஜூன் திங்களில் எட்டுகின்றது. திமிஷ்கில் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்களும் யூதரும் கிறித்தவரும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாகத் திறந்த வெளிக்கு நடந்து சென்று இறைஞ்சியதை அவர் நேரில் கண்டார். பைத்துல் முகத்தஸ் சென்றடைந்தபோது அங்கே நோய் தணிந்திருந்தது. அந்நகரின் கதீப் இவரை ஒரு விருந்துக்கு அழைக்கின்றார். என்ன விருந்து என்று இவர் வினவ, நோய் மிகுந்திருந்தபோது தாம் ஒரு நேர்ச்சை செய்துகொண்டதாக அவர் கூறுகின்றார்: ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டியிராத ஒரு நாள் வருமாயின் விருந்து தருவேன் என்பதே அந்நேர்ச்சை. நேற்று அந்த நாள் வந்தது என்கின்றார்.

நூலில் எத்தனையோ சுல்தான்களின் விருந்துகள் வருகின்றன. பொற்தட்டுகளும் பழரசங்களும் பாடகரும் வருகின்றனர். இந்த ஒரு விருந்துக்கு அவை எவையும் ஈடாகா. இங்கே என்ன பரிமாறப்பட்டது என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. உணவுகளை எண்ணிச் சொல்லும் பழக்கமுடையவர் இவ்விடத்தில் எண்ணவில்லை. முன்னர் அந்நகரில் தமக்கு அறிமுகமாகியிருந்த பெரியோர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர் என்று மட்டும் சேர்த்துக்கொள்கின்றார். கஸ்ஸாவின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. கெய்ரோவிலும் அவர் அறிந்திருந்த ஷெய்குமார்கள் மறைந்திருந்தனர். ஒரு மனிதர் தமக்குக் கதவு திறந்த இல்லங்களின் வழியே திரும்பி வருகின்றார். கதவுகள் ஒவ்வொன்றாக மூடியிருக்கக் காண்கின்றார். இப்பகுதியின் உள்ளடக்கம் இதுவே.

தாயார் உயிரோடு இருக்கின்றார் என்று 1348ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேள்வியுற்றவர் நேரே ஊருக்கு விரையவில்லை. மக்காவுக்குச் சென்றார், அடுத்த ஹஜ்ஜையும் நிறைவேற்றினார், 1349ஆம் ஆண்டு வசந்தத்தில்தான் மேற்கு நோக்கிக் கப்பலேறினார். தூனிஸில் மீண்டும் இறங்கியபோது, உறவும் ஊர்ப்பற்றும் கொண்ட ஒருவரின் இல்லம் அவருக்காகத் திறந்திருந்தது. ஸலாம் கூற ஆளின்றி அழுத இளைஞருக்கு அந்நகரம் அளித்த மறுமொழி அது. ஆனால் மற்றொரு மறுமொழியும் காத்திருந்தது. திலிம்ஸானைக் கடந்து தாஸா என்னும் ஊரை அடைந்தபோது, தாயார் கொள்ளைநோயில் இறந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்தது. வீட்டை அடையச் சில நாள் வழியே எஞ்சியிருந்தது.

நேரே சென்றிருந்தால் கண்டிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இறையில்லம் நாடிச் சென்றவரைக் குறைகூற நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் திறனாய்வு என்ற முறையில் ஒன்று கேட்போம். பாஸ் நகரை அடைந்ததும் சுல்தான் அபூ இனானின் நீதி, வீரம், கொடை ஆகியவற்றைப் போற்றப் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மொராக்கோவின் பழங்களும் மலிவான விலைவாசியும் பிற நாடுகளோடு ஒப்பிட்டு மெச்சப்படுகின்றன. தாயாரின் இறப்புக்கும், பின்னர்த் தன்ஜாவுக்குச் சென்று அவர் கப்ரை ஜியாரத் செய்ததற்கும் ஓரிரு வரிகளே. அரசவை எழுத்தர் எழுதிய நூல், அரசர் ஆணையில் எழுதிய நூல் என்பதே இவ்வளவுக்கும் விளக்கம். நூலின் மிகப் பெரிய குறை என நாம் கருதுவது சீனத்தைப் பற்றிய ஐயங்களையன்று. நிகழ்ச்சிகளின் எடையறியாத இந்தப் பங்கீட்டையே. ஆயினும் அந்த ஓரிரு வரிகள் நீக்கப்படவில்லை. ஊர் திரும்பியவர் செய்த செயல்களுள் முதன்மையான ஒன்று தாயின் கப்ருக்குச் சென்றது என்பதை அரசவையின் புகழ்மொழிகளும் மூடிவிடவில்லை.

இறுதியாக ஒரு செய்தி. சீனத்தில் ஓர் ஊரில், மொராக்கோவின் ஸப்தா நகரைச் சேர்ந்த புஷ்ரீ என்னும் அறிஞரை இப்னு பதூதா சந்தித்தார். ஒரே நாட்டார் என்றறிந்ததும் இருவரும் கண்ணீர் விட்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஸஹாராவின் வாயிலாகிய ஸிஜில்மாஸாவில் அவருக்குத் தங்க இடம் தந்தவர் அந்த அறிஞரின் உடன்பிறந்தார். அச்சகோதரர்கள் இருவரும் எவ்வளவு தொலைவில் பிரிந்து கிடக்கின்றனர் என்று அவர் வியக்கின்றார். நாம் எண்ணுவது வேறு. அந்த இல்லத்தார்க்குத் தம் சகோதரரை நேரில் கண்டு வந்த ஒருவர் விருந்தினராகக் கிடைத்தார். அவர்கள் முதலில் என்னென்ன கேட்டிருப்பார்கள்!

நம் குடும்பங்களிலும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்றோர் பலர். அவர்கள் ஈட்டி வந்த பொருளுக்குக் கணக்கு இருக்கின்றது. கட்டிய வீடுகள் நிற்கின்றன. எந்த ஊரில் எந்த மனிதர் அவர்களுக்கு முதற்சோறு இட்டார், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் யார், அவர் எந்த மொழியினர், எந்த மார்க்கத்தினர் என்பதைக் கேட்டு எழுதி வைத்திருக்கின்றோமா? அவர்கள் இல்லாத நாட்களில் ஊரில் காத்திருந்த தாயாரும் மனைவியும் பட்டது என்ன என்பதை ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதியிருக்கின்றோமா? சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் மகிழ்ந்து சொல்லும் பொழுதில் அருகே அமர்ந்து, விருந்தளித்தோரின் பெயர்களை முதலில் குறித்துக்கொள்வோமாக.